இடிமாறன் வளர்த்த கோழிகள்

"இந்தக் கொரட்டூர்ல எவ முதுகு எத்தினி அங்குலம்னு எனக்குத் தெரியும். எந்த நாவல்ல எந்தப் பக்கத்துல எவன் செத்தான்னும் எனக்குத் தெரியும்" என்று அனுசுயா தன் கடைக்குப் புதிதாக வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வந்தவள் வாயைப் பிளந்தால், அளவு நாடாவைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "முதுகு நெசம். நாவல் கொஞ்சம் ஏத்திச் சொன்னது" என்று ஏற்றியதைத் தானே இறக்கியும் வைத்துவிடுவாள். பொய்யிலும் ஒரு நாணயம் வேண்டும் என்பது அவள் கட்சி.

கடை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், மாவு மில்லுக்கும் செல்போன் பழுது பார்க்கிற கடைக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் விஜி டெய்லர்ஸ். விஜி அவளுடைய மகள். கல்யாணமாகி ஆவடிக்குப் போய்விட்டாள், பெயர்ப் பலகை போகவில்லை. அனுசுயாவின் அம்மா திருவேற்காட்டில் கூலிக்கு நாற்று நட்ட வயலில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அதற்கு 'கிரீன் பேடி', அதாவது பச்சை நெல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே குடியிருக்கிற பெண்களின் ப்ளவுஸ்தான் அனுசுயாவுக்குச் சோறு போடுகிறது. ஆக, அம்மாவுக்கும் மகளுக்கும் அதே நிலத்து வருமானம்தான் என்று அவள் கணவன் வேம்புலி சொல்வான். வேம்புலி திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஷேர் வேன் ஓட்டுகிறவன். பெரிய பெரிய விஷயங்களைச் சிக்னலில் நிற்கிறபோது யோசித்து வைத்துக்கொள்வான்.

அனுசுயா படிக்க ஆரம்பித்த கதையே தனி. தையல் கற்றுக்கொண்ட காலத்தில் பழைய வாரப் பத்திரிகைத் தாளில்தான் மாதிரி வெட்டுவாள். முதுகுக்கு ஒரு தாள், கைக்கு ஒரு தாள். வெட்டிய பிறகு மிச்சத்தைப் படிப்பாள். தொடர்கதையில் கதாநாயகி கிணற்றங்கரைக்குப் போவாள். அதற்கப்புறம் கழுத்து வெட்டிய ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் குழந்தை பிறந்திருக்கும். நடுவில் என்ன நடந்தது என்பதை அனுசுயாவே மிஷினை ஓட்டிக்கொண்டு தைத்துவிடுவாள். இப்படி ஓட்டை ஓட்டையாகப் படித்துப் படித்து, முழுசாக இருக்கிற கதையைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகமே வந்துவிடும்.

இந்தப் பழக்கம்தான் அவளை ஏரிக்கரை வாசகர் வட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அது கூடும். தலைவர் எட்மண்ட் சார் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் புத்தகத்தைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேசுவார். அந்த நாற்பது நிமிடத்தில் புத்தகம் எங்கேயாவது குறுக்கே வந்துவிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒதுங்கிப் போவார்.

வட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பேச வருகிற எல்லோருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். புகைப்படம் எடுப்பார்கள். பேச்சாளர் மேடையின் பின்படியில் இறங்கும்போது ஒரு கை நீண்டு பொன்னாடையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அந்தக் கை அனுசுயாவுடையது. வட்டத்தின் பொன்னாடைகளைத் துவைப்பது, இஸ்திரி போடுவது, சரிகை பிரிந்தால் தைப்பது, சாம்பார் கறை வெளியே தெரியாமல் மடிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒருமுறை வெளியூர் விருந்தாளி ஒருவர் வழக்கம் தெரியாமல் பொன்னாடையோடு ரயிலேறிவிட்டார். அடுத்த மாதக் கூட்டத்தில் நாவலை விட்டுவிட்டு அவரையே விமர்சனம் செய்தார்கள்.

இத்தனை பொன்னாடையைத் தொட்டவளுக்கு ஒரே ஓர் ஆசை. திருப்பிக் கொடுக்க வேண்டாத ஒரு பொன்னாடை. மேடை ஏறிப் பேசி, போர்த்திக்கொண்டு, அப்படியே தெருவில் நடந்து வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான். அதை வேம்புலியிடம் சொன்னபோது, "அத்த போத்திகினு இன்னா பண்ணுவ? ரெண்டு பக்கமும் வேர்க்கும்" என்றான்.

அந்த மாதம் வாய்ப்பு தானாக வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் பெயின்ட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கும் தேவராஜ் ஒரு நாவல் போட்டிருந்தார். 'ஏழாம் வாசல் வாள்'. வாள்மேல் நின்று பறக்கிறவர்கள், மலையைக் கையால் நகர்த்துகிறவர்கள், குகைக்குள் தவமிருந்து ஒவ்வொரு படியாகப் பலம் ஏறுகிறவர்கள் நிறைந்த தற்காப்புக் கலை மாயாஜாலக் கதை. தலையணை கனம். அதை அவர் பேனா தொட்டு எழுதவில்லை. எஸ்டேட் சாலையில் கார் நகராத நேரங்களில் செல்போனிடம் வாயால் சொன்னார். அது தட்டச்சு செய்துகொண்டது. சாலையின் நிலைமை அப்படி இருந்ததால் நாவலின் நீளமும் அப்படி அமைந்தது. திரும்பப் படித்துப் பார்க்க மட்டும் அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"எழுத்தாளர், கவிஞர் எல்லாம் பேசட்டும் சார். ஆனா ஒரு சாதாரண வாசகரும் பேசணும்" என்று தேவராஜ் எட்மண்ட் சாரிடம் கேட்டுக்கொண்டார். சாதாரண வாசகரைத் தேடி எட்மண்ட் சார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பின்படியருகில் பொன்னாடை மடித்துக்கொண்டிருந்தாள் அனுசுயா.

"பேசறேன் சார். ஆனா எனக்குப் போத்தறத திருப்பிக் குடுக்க மாட்டேன்" என்றாள் அவள்.

எட்மண்ட் சாருக்கு வட்டத்தின் நிதிநிலை ஒரு நொடி கண்முன் வந்து போனது. "பேச்சு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்மா. சரியா வரலேன்னா வழக்கம்போலத்தான்" என்றார்.

அன்றைக்கே படிக்க உட்கார்ந்துவிட்டாள். கதாநாயகன் பெயர் இடிமாறன். முதல் பக்கத்திலேயே கத்த ஆரம்பித்தவன் எண்பதாம் பக்கம் வரை நிறுத்தவில்லை. குருகுலத்திலிருந்து துரத்தப்பட்டு, மலை விளிம்பில் வந்து நின்றான். எண்பதாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: 'இடிமாறன் பள்ளத்தைப் பார்த்தான். அவனுக்கு இப்போது தேவைப்பட்டதெல்லாம்'. பக்கத்தைத் திருப்பினாள். எண்பத்தொன்றில், 'கதகதப்பான ஓர் இடமும் காற்றடிக்காத ஒரு மூலையும்தான். முதல் வாரத்தில் குஞ்சுகளுக்கு விளக்கு வெளிச்சம் அவசியம்' என்று இருந்தது.

அனுசுயாவின் கால் மிஷினில் நின்றது. ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்து, "அட, கோழி வளர்க்கப் போறான்" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த வேம்புலி தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "யாரு?"

"இடிமாறன். மலையிலேந்து எறங்கி மறைஞ்சு வாழறான் பாரு, அங்க நாட்டுக்கோழி வளர்க்கறான். குஞ்செல்லாம் விளக்கடியில ஒண்ணுமேல ஒண்ணு ஏறிகினு நின்னா குளிருதுன்னு அர்த்தமாம். தள்ளித் தள்ளிப் போச்சுன்னா சூடு ஜாஸ்தியாம். எத்தினி நுணுக்கமா எழுதிக்கீறாரு தெரியுமா?"

"சண்ட புக்குல கோழி எதுக்கு வருது?"

"அது உத்திய்யா."

"இன்னா தீ?"

"உத்தி! புரியாத எடத்துக்கெல்லாம் வட்டத்துல அப்பிடித்தான் சொல்லுவாங்கோ. நீ மோர ஊத்திகினு சாப்புடு."

பதினாறு பக்கம் கோழிதான். ஒரு வாளில்லை, ஒரு சாபமில்லை. முதல் நாள் வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள், கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் அடியில், 'கோழி தலையைத் தொங்கப்போட்டு, இறகு சிலிர்த்து நின்றால் சற்றும் தாமதிக்காமல்' என்று முடிந்தது. அடுத்த பக்கம், 'வாளை உருவி ஒரே வீச்சில் மலையைப் பிளந்தான்!' என்று ஆரம்பித்தது. அனுசுயாவுக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. ஒரு கோழிக்காக மலையைப் பிளந்தவனை அவள் வேறெந்தக் கதையிலும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு வந்த இடிமாறன் கத்தவில்லை. மெதுவாகப் பேசினான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நின்றான். கோழி வளர்த்த கை, அப்படித்தான் பக்குவப்படும் என்று தோன்றியது அவளுக்கு.

கூட்டத்தன்று கூடம் நிறைந்திருந்தது. அது எழுத்தாளரின் புகழால் அல்ல. தைக்கக் கொடுத்த ப்ளவுஸ்களை மண்டபத்தில்தான் தருவேன் என்று அனுசுயா எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். சென்னீர்குப்பத்திலிருந்து தாட்சாயிணி கூட வேம்புலியின் வேனில் ஏறி வந்துவிட்டாள். வீட்டு மொட்டை மாடியில் கோழி வளர்க்கிறவள் அவள். அன்றைக்கு இரண்டு கோழி சுணங்கிக் கிடந்ததால் பாதி மனசு மாடியிலேயே இருந்தது.

முதலில் எட்மண்ட் சார் பேசினார். நாவலில் மலை வருவதால் தான் குடும்பத்தோடு இமயமலை போன கதையைச் சொன்னார். அங்கே தயிர்சாதம் கிடைக்காமல் பட்ட பாடு எல்லோரையும் உருக்கியது. அடுத்து கவிஞர் பானுப்பிரியா. "காலத்தின் அருமை கருதி நான் நாவலுக்குள் போகவில்லை. அதன் வாசலிலேயே நின்று வியக்கிறேன்" என்று தொடங்கி, அட்டைப்படத்தையும் சமர்ப்பணப் பக்கத்தையும் வியந்துவிட்டு, கைதட்டலோடு இறங்கினார். இருவருடைய பொன்னாடையையும் அனுசுயாவே வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு அந்தப் பையை நாற்காலியில் வைத்துவிட்டு, தானே மேடை ஏறினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. இந்த இடிமாறன் மேலங்கி பதினெட்டு முழம்னு போட்டுக்கீது. அத்த உடுத்திகினு மரத்து மேல பறக்கறான். ஒரு கெளையிலகூட மாட்டலியா? பன்னெண்டு வருசம் குகையில உக்காந்துட்டு எழுந்திருக்கறான், தாடி முழங்கால் வரைக்கும் வளந்துகீது, உடுத்தின துணி மட்டும் அப்பிடியே புதுசா கீது. எந்தக் கடையில எடுத்தான்னு எழுத்தாளர் சொன்னா நாங்களும் எடுப்போம்."

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. தேவராஜ் முகம் பெயின்ட் உரிந்த கதவு மாதிரி ஆனது. எட்மண்ட் சார் மெல்ல எட்டி, பொன்னாடைப் பையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மேடையிலிருந்தே அதைப் பார்த்துவிட்டாள் அனுசுயா. அவசரமாகக் கோழிக்குத் தாவினாள்.

"ஆனா அப்புறம் கோழி வளர்க்க வந்தான் பாருங்க, அங்கதான் நாவலு! முதல் வாரம் குஞ்சுக்கு விளக்கு போடறான். வெல்லத் தண்ணி குடுக்கறான். அடியில விரிச்ச பேப்பர தெனமும் மாத்தறான். இப்பிடி ஒரு வீரன நான் பாத்ததேயில்ல. ஒரு கோழி தலைய தொங்கப் போட்டுச்சுன்னு மலையவே பொளந்துட்டான். அதுக்கப்புறம் ஆளே மாறிட்டான். குரல ஒசத்தல, மருவாதியா நடந்துக்கறான். கோழிதாங்க அவன மனுசனாக்கிச்சு."

எட்மண்ட் சார் பானுப்பிரியாவைப் பார்த்தார். பானுப்பிரியா எட்மண்ட் சாரைப் பார்த்தார். நாவலைப் படிக்காதவர் என்று யார் முதலில் மாட்டிக்கொள்ளப்போகிறார்கள் என்பதுதான் அந்தப் பார்வை. எட்மண்ட் சார் முந்திக்கொண்டார். "அருமை! அந்தக் கோழிப் பகுதியை நான் வேண்டுமென்றேதான் தொடவில்லை. வாசகர் தொடட்டும் என்று விட்டுவைத்தேன்."

"கோழி என்பது இங்கே வெறும் கோழி அல்ல" என்றார் பானுப்பிரியா உட்கார்ந்த இடத்திலிருந்தே. "விடியலின் குறியீடு."

இப்போது எல்லோரும் தேவராஜைப் பார்த்தார்கள். அவர் நெற்றியைத் தடவினார். எஸ்டேட் சாலையில் நின்ற எத்தனையோ மாலைகளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். கோழி சொன்ன ஞாபகம் இல்லை. ஆனால் சொல்லவில்லை என்றும் ஞாபகம் இல்லை. ஒருமுறை முன்னால் கறிக்கோழி வண்டி நின்றது உண்மைதான். அன்றைக்கு வாயில் வந்திருக்கலாம். எழுந்து கைகூப்பி, "அந்தக் கோழிகளை எழுதும்போது நான் நானாக இல்லை" என்றார் தழுதழுத்த குரலில்.

கைதட்டல் அடங்குகிற நேரம், பின் வரிசையில் தாட்சாயிணி எழுந்தாள். "அக்கா, ஒரு டவுட்டு. கோழி தலைய தொங்கப் போட்டா உடனே இன்னா குடுக்கணும்னு போட்டுக்கீது? மருந்து பேரு இன்னா?"

"மருந்தெல்லாம் இல்லடி. மலைய பொளந்தான்."

"மலையா? இல்லக்கா, நான் போன வாரம் பூந்தமல்லியில நாட்டுக்கோழி வளர்ப்பு புக்கு வாங்கினேன். நீ சொல்றதெல்லாம் அதுல இருக்க வேண்டியது. நடுவுல பதினாறு பக்கம் காணோம். அதுக்குப் பதிலா எவனோ ரெண்டு பேர் மலைமேல நின்னுகினு கத்திச் சண்ட போடறானுங்கோ." கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தாள். "எண்பதாம் பக்கத்துல 'பொரித்த குஞ்சுகளுக்கு முதலில் தேவைப்படுவதெல்லாம்'னு கீது. திருப்பினா 'பழி ஒன்றுதான்!'னு கீது. கோழிக்குஞ்சுக்குப் பழி எதுக்குக்கா?"

தேவராஜ் மேடை மேசையிலிருந்த தன் நாவலை எடுத்து எண்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினார். 'பழி ஒன்றுதான்!' என்று இருந்தது. அதில் ஒரு கோழி இறகு கூட இல்லை. அனுசுயாவின் பிரதியை வாங்கிப் பார்த்தார். குஞ்சுகள் விளக்கடியில் நின்றுகொண்டிருந்தன. ஒரே அச்சகம், இரண்டு புத்தகமும் ஒரே அளவு, புத்தகம் தைத்தவர்கள் பதினாறு பக்கக் கட்டு ஒன்றை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றி வைத்துவிட்டார்கள். பக்க எண் கூட ஒழுங்காக ஓடியது.

பானுப்பிரியாவுக்கு அந்த நிமிடம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது; மணி மட்டும் அடிக்கவில்லை. எட்மண்ட் சார் இமயமலையிலேயே இருந்திருக்கலாம் என்பதுபோல் கூரையைப் பார்த்தார். அனுசுயாவுக்கோ மேடையின் பின்படி எந்தப் பக்கம் என்று கண் தேடியது. இனிமேல் ஆயுசுக்கும் மடிப்புதான், போர்த்துவது இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

தேவராஜ் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். கோழிகளை எழுதும்போது நானாக இல்லை என்று சொன்ன வாய்க்கு வேறு வழியும் இல்லை. "நண்பர்களே, என் நாவலில் கோழி இல்லை. இருந்தது இந்த அம்மா பிரதியில் மட்டும்தான். அப்படியென்றால் என்ன அர்த்தம்? இந்த மண்டபத்தில் எண்பதாம் பக்கத்தைத் தாண்டியவர் இவர் ஒருவர்தான்!" என்று சொல்லி, கூட்டம் தொடங்கும்போது தனக்குப் போர்த்தியிருந்த பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து அனுசுயாவுக்குப் போர்த்தினார். "திருப்பிக் கொடுக்க வேண்டாம்மா."

எட்மண்ட் சார் வாயைத் திறந்தார். கூடம் முழுக்கக் கைதட்டியதால் மூடிக்கொண்டார். சாம்பார் கறை உள்பக்கம் இருக்கும்படி அனுசுயா பொன்னாடையைச் சரிசெய்துகொண்டாள்.

மேடைக்குக் கீழேயே டிபன் பந்தி நடந்தது. தட்டு ஒரு கையிலும் பொன்னாடை முனை மறு கையிலுமாக அனுசுயா நின்றாள். வருகிறவள் போகிறவளிடமெல்லாம் ப்ளவுஸ் பொட்டலத்தை நீட்டிக்கொண்டே நாவலையும் விளக்கினாள். வேம்புலி, "வேர்க்குதா?" என்று கேட்டான். "வேர்த்தா வேர்க்கட்டும்" என்றாள். தேவராஜும் இட்லித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"கோழி இல்லாட்டியும் நான் சொன்னது சரிதான சார்? எண்பது பக்கம் வரைக்கும் கத்திகினு இருந்த இடிமாறன் அதுக்கப்புறம் எப்பிடி அடங்கிப் போனான்! முழு நாவலும் படிச்சாத்தான் அந்த மாத்தம் தெரியும்."

"அந்த மாற்றத்தை நான் ரொம்பத் திட்டமிட்டுச் செய்தேன்மா" என்றார் தேவராஜ். "ஒரே மனிதன், இரண்டு முகம்."

பக்கத்தில் தாட்சாயிணி வடையைப் பிட்டுக்கொண்டு, அனுசுயாவின் பிரதியில் கோழி மருந்தைத் தேடிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இன்னாக்கா ஒரே மனுசன்? என் புக்குலதான கீது அந்தப் பதினாறு பக்கம். சண்டையில இடிமாறன் செத்துட்டான். உன் புக்குல அப்புறம் வர்றவன் அவன் தம்பி, அண்ணன் பேர வெச்சிகினு சுத்தறான்."